ஐந்தாம் மாடியில் ரோலர்: வெள்ளவத்தையில் ஒரு நிகழ்வு ஆய்வு

வீட்டுக்குள் சைக்கிள் ஓட ரோலர், அதாவது சைக்கிளை உருளைகளின் மேல் வைத்து இருந்த இடத்திலேயே ஓடவிடும் சாதனம், வாங்க நினைப்பவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள், அடுத்து எந்தக் கம்பனி என்று கேட்பார்கள். கொழும்பில் இருப்பவர் அதற்கு முன் இன்னொன்றைக் கேட்கவேண்டும்: இந்த ஈரக் காற்றில், இருந்த இடத்திலேயே ஓடும் ஒரு சைக்கிளில் இருந்துகொண்டு, என் உடம்பு எவ்வளவு சூட்டை வெளியே தள்ளும்? உருளை எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும், ரயருக்கு எவ்வளவு காற்று, எத்தனை நிமிடம் ஓடலாம் என்பதெல்லாம் அந்தப் பதிலிலிருந்து வரவேண்டியவை. என் அக்காவின் மகள் வாங்கிய ரோலரும், அதில் அவளுக்கு வந்த சிக்கல்களும், பிறகு செய்த மாற்றங்களும் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. அவளுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

ஆளும் இடமும்

அவளுக்கு இருபத்தாறு வயது. கொழும்புக் கோட்டைப் பகுதியில் அலுவலக வேலை. காலி வீதிக்கும் கடலோர வீதியான மரைன் டிரைவுக்கும் நடுவே உள்ள ஓர் ஒழுங்கையில், தொடர்மாடியின் ஐந்தாம் தளத்தில் அம்மாவோடு இருக்கிறாள். ஞாயிறு விடியற்காலையில் ஒரு சிறு குழுவோடு நீர்கொழும்புப் பக்கம் ஓடிவிட்டு வருவாள். சைக்கிள், அலுமினியச் சட்டம் போட்ட சாதாரண ரோட் பைக். 700க்கு 25 அளவு ரயர், பூ வெட்டு இல்லாத வழவழப்பான ரகம்.

குழுவில் ஓடும்போது அவளிடம் ஒரு குறை தெரிந்தது. நேர்கோட்டில் ஓட வராது. முன்னே போகிறவரின் பின்சில்லை ஒட்டி ஓடவேண்டிய இடத்தில் இவளுடைய முன்சில்லு இடமும் வலமுமாக அலையும். பின்னால் வருகிறவர்கள் தள்ளியே ஓடுவார்கள். கால் பலத்தில் குறைவில்லை. பெடலை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் தோளும் சேர்ந்து ஆடியது, அந்த ஆட்டம் கை வழியாக ஹாண்டிலுக்குப் போனது, அவ்வளவுதான். இதை வாய்ச்சொல்லால் திருத்துவது கஷ்டம். நிறைய ஓடினால் தானாகச் சரியாகும். ஆனால் நிறைய ஓட அவளுக்கு நேரமில்லை. கொழும்பில் ஆண்டு முழுக்க மாலை ஆறரைக்குள் இருட்டத் தொடங்கிவிடும். அந்நேரம் காலி வீதியில் 100, 101 பஸ்கள் ஆட்களை ஏற்றுவதற்காக ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓரத்துக்கு வெட்டி வரும். ஒக்டோபர், நவம்பர் என்றால் பின்னேர இடிமழை வேறு. ஒரு இளம் பெண் தனியாக அந்த இருட்டில் ஓடுவதை அவளுடைய அம்மா விரும்பவில்லை, நானும் விரும்பவில்லை.

ஆகவே வீட்டுக்குள் ஓட ஏதாவது வேண்டும். அதற்கு இரண்டு வழி. ஒன்று, பின்சில்லையோ சட்டத்தையோ இறுகப் பிடித்துவைக்கும் ட்ரெயினர். மற்றது ரோலர். ட்ரெயினரில் சைக்கிள் அசையாது, விழ முடியாது, கண்ணை மூடிக்கொண்டும் மிதிக்கலாம்; காலுக்கு எவ்வளவு பாரம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் தோள் எவ்வளவு ஆடினாலும் அது காட்டிக்கொடுக்காது. ரோலர் அந்த நிமிடமே காட்டிக்கொடுக்கும். அவளுடைய குறைக்கு ரோலர்தான் சரி என்று இன்றைக்கும் சொல்வேன்.

ரோலர் வேலைசெய்யும் விதம்

ஒரு சட்டத்தில் மூன்று உருளைகள். பின்சில்லு இரண்டு உருளைகளுக்கு நடுவிலும், முன்சில்லு மூன்றாவதன் மேலும் இருக்கும். பின் உருளை ஒன்றிலிருந்து முன் உருளைக்கு ஒரு பெல்ட் போகும். சைக்கிளை எதுவும் பிடித்திருக்காது. ஓடுகிறவர்தான் சமநிலையைப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

அந்த பெல்ட் எதற்கு என்று பலர் யோசிப்பதில்லை. சைக்கிள் ஒரு பக்கம் சாயும்போது நாம் அறியாமலே முன்சில்லை அந்தப் பக்கம் திருப்புகிறோம். ரயர் தொடும் புள்ளி நகர்ந்து உடம்பின் பாரத்துக்குக் கீழே வருகிறது, சைக்கிள் நிமிர்கிறது. முன்சில்லு சுற்றாமல் நின்றால் ஹாண்டிலை எவ்வளவு திருப்பினாலும் அந்தப் புள்ளி பக்கவாட்டில் போகாது. அதனால்தான் பெல்ட் வழுக்கிய அடுத்த நொடியே ஆள் சுவரைத் தேடவேண்டி வருகிறது. சுழலும் சில்லின் ஜைரோ விசைதான் (சுழலும் பம்பரத்தை விழாமல் வைப்பது போன்றது) சைக்கிளை நிமிர்த்திவைக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். 2011இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வொன்றுக்காக, எதிர்த்திசையில் சுழலும் சில்லுகளை வைத்து அந்த விசையை இல்லாமல் செய்த ஒரு சோதனைச் சைக்கிளைச் செய்தார்கள். அது ஆளில்லாமலே விழாமல் ஓடியது. ரோலரில் நாம் பழகுவதும் இந்தத் திருப்புதலைத்தான்: சிறியதாக, நேரத்துக்கு, பதற்றமில்லாமல் திருப்புவது.

முதல் ரோலர்

இணையத்தில் விளம்பரம் பார்த்து அவள் வாங்கிய முதல் ரோலர் பாவித்த ஒன்று. மடக்கக்கூடிய சட்டம், பிளாஸ்டிக் உருளைகள், விட்டம் 80 மில்லிமீற்றர். வீட்டில் இடம் குறைவு, மடித்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளலாம் என்பதுதான் அதை எடுத்த காரணம். சில வாரங்களில் எனக்கு அழைப்பு வந்தது.

“மாமா, அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஓடேலாமல் கிடக்கு. மூச்சு வாங்குது, சைக்கிள் நடுங்குது. கீழ்வீட்டு அன்ரி வேற ஏறி வந்திட்டா.”

அன்ரி வந்து கேட்டது இதைத்தான்: “பிள்ளை, இரவில மா அரைக்கிறனீங்களோ?”

மூன்று முறைப்பாடும் ஒரே மூலத்திலிருந்து வருகின்றன என்று நினைப்பது சுலபம். போய்ப் பார்த்தபோது மூன்றுக்கும் காரணம் வேறுவேறாக இருந்தது. ஆனால் மூன்றையும் கூட்டியது அந்தச் சிறிய விட்டம்.

நடுக்கம் முதலில். உருளை வட்டமாக இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு இரும்பு அடிமட்டத்தைச் சட்டத்தில் கிளிப் போட்டு, அதன் விளிம்பு உருளையைத் தொடாமல் தொடும்படி வைத்தேன். இடைவெளியில் ஏ4 தாள் ஒன்றை நுழைத்துவிட்டு உருளையைக் கையால் மெதுவாகச் சுற்றவேண்டும். சாதாரண ஏ4 தாளின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். பின் உருளைகளில் ஒன்றில் ஒரு பக்கம் தாள் இறுகி நின்றது, மறுபக்கம் தாளை நாலாய் மடித்தும் தளர்வாகப் போனது. அந்த உருளை நடுவில் வளைந்திருந்தது. கேட்டால், பகலில் ரோலரை பல்கனியில் சாய்த்துவைப்பார்களாம். கடல் பக்கம் பார்த்த பல்கனி. பின்னேரம் முழுக்க நேர் வெயில். பிளாஸ்டிக் குழாயை வெயிலில் ஒரு பக்கமாகச் சாய்த்துவைத்தால் வளையும் என்பது தண்ணீர்க்குழாய் வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

இங்கே விட்டம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் 80 மில்லிமீற்றர் உருளை நொடிக்கு ஏறத்தாழ 33 தடவை சுற்றும், நிமிடத்துக்கு 2,000 சுற்றை ஒட்டி. அதே வேகத்தில் 114 மில்லிமீற்றர் உருளை நிமிடத்துக்கு 1,400 சுற்றுத்தான். சமநிலை தவறிய உருளை சட்டத்தை உதைக்கும் விசை, சுற்றும் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். ஒரே அளவு வளைவு இருந்தாலும் சிறிய உருளை இரட்டிப்பு விசையில் உதைக்கும். நொடிக்கு 33 என்பது ஆழ்ந்த முழக்கம். காதுக்குப் பெரிதாகக் கேட்காது, கொங்கிரீட் தட்டு வழியாகக் கீழே இறங்கும். அன்ரி கேட்ட மா அரைக்கும் சத்தம் இதுதான். மேலே ஓடுகிறவளுக்கு அது கேட்கவே இல்லை.

அடுத்தது முன் உருளையின் இடம். இதைப் பலர் கடையில் வந்தபடியே விட்டுவிடுகிறார்கள். சைக்கிளின் இரண்டு அச்சுக்கும் இடையிலான தூரம் ஒவ்வொரு சைக்கிளுக்கும் வேறு. ரோட் பைக்குக்கு ஒரு மீற்றரை ஒட்டி இருக்கும், ஹைபிரிட் என்றால் இன்னும் கூட. சட்டத்தில் அதற்காகவே வரிசையாகத் துளைகள் இருக்கின்றன. ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, பின்சில்லு இரண்டு உருளைக்கும் நடுவில் ஒழுங்காக அமர்ந்தபின், முன் அச்சிலிருந்து நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டோம். உருளையின் மையம் அந்த நூலுக்கு நேர் கீழே இருக்கவேண்டும், அல்லது ஓர் அங்குலத்துக்குள் முன்னே இருக்கலாம். இவளுடையதில் நூலுக்கு நாலு விரல் பின்னால் இருந்தது. சைக்கிளின் முன்பக்கம் உருளையைத் தாண்டி இறங்கப் பார்க்கும் நிலை அது. ஹாண்டில் துடித்துக்கொண்டே இருக்கும். ஒரு துளை முன்னே தள்ளியதும் துடிப்பின் பெரும்பகுதி போய்விட்டது. ஸ்பானர் இருந்தால் போதும். வேறெதையும் மாற்றுமுன் எல்லோரும் இதைத்தான் பார்க்கவேண்டும்.

மூச்சு வாங்கியதன் காரணம்

மூன்றாவது முறைப்பாடுதான் கொழும்புக்கே உரியது.

ரோலரில் மலை இல்லை, எதிர்க்காற்று இல்லை. தடை எங்கிருந்து வருகிறது என்றால் ரயர் நசுங்குவதிலிருந்து. உருளை சிறிதாக இருந்தால் அது ரயருக்குள் ஆழமாகப் பதியும். ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் கூடுதலாக வளைந்து நிமிரவேண்டும். அந்த உழைப்பெல்லாம் சூடாகப் போகும். காற்றுக் குறைவான ரயரும் அப்படியே. இவள் 80 மில்லிமீற்றர் உருளையில், காற்றுச் சரியாக அடிக்காத ரயரோடு ஓடிக்கொண்டிருந்தாள். இரண்டும் சேர்ந்து, பழகுவதற்கு ஏறியவளை மலையேற்றிவிட்டன. குளிர்நாட்டில் கராஜுக்குள் ஓடுகிறவருக்கு இந்தத் தடை விருப்பமானது, உடம்பு சூடேறினால் அவருக்கு நல்லது. இங்கே அந்தத் தர்க்கம் செல்லாது.

மனித உடம்பு சாப்பாட்டிலிருந்து எடுக்கும் சக்தியில் பெடலுக்குப் போவது நாலில் ஒரு பங்கோ அதற்குச் சற்றுக் குறைவோதான். மீதி சூடு. பெடலில் 120 வாட் கொடுத்தால் உடம்புக்குள் ஏறத்தாழ 400 வாட் சூடு பிறக்கும். வீதியில் 30 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது நொடிக்கு எட்டு மீற்றருக்கு மேல் காற்று உடம்பைத் தடவிப்போகிறது. வியர்வை பிறந்த உடனே காய்கிறது. ரோலரில் காற்று ஒரு துளியும் இல்லை. கொழும்பில் இரவு ஏழு மணிக்கும் வீட்டுக்குள் 28, 29 பாகை, ஈரப்பதன் 80 வீதத்தை ஒட்டி. ஒரு லீற்றர் வியர்வை முழுமையாக ஆவியானால் 2,400 கிலோஜூல் சூட்டைக் கொண்டுபோகும். 400 வாட்டைச் சமாளிக்க மணிக்கு அரை லீற்றருக்குக் கொஞ்சம் மேலே ஆவியானால் போதும். ஆனால் தரையில் சொட்டும் வியர்வை எந்தச் சூட்டையும் கொண்டுபோவதில்லை. அவளுடைய ரோலருக்குக் கீழே குட்டையாக நின்ற தண்ணீர், ஆவியாக வேண்டியது ஆவியாகவில்லை என்பதற்கான சாட்சி. இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே போனதும் அதனால்தான். உடம்பு குளிர்வதற்காக இரத்தத்தைத் தோலுக்கு அனுப்பும், காலுக்கும் அனுப்பவேண்டும், இதயம் இரண்டுக்கும் சேர்த்து அடிக்கும். அவள் தனக்குப் பலம் போதாது என்று நினைத்திருந்தாள். அது சரியில்லை. அவளுக்குக் காற்று போதவில்லை.

மாற்றுத் தெரிவு

சரி, வேறு ரோலர் எடுப்பது என்று முடிவானது. எதைப் பார்த்து எடுப்பது?

சந்தையில் 4.5 அங்குலம், அதாவது 114 மில்லிமீற்றர், பெரிய விட்டம், அதிலிருந்து 3.5, 3, 2.25 அங்குலம் என்று குறைந்துகொண்டு போகும். அமெரிக்காவின் கிரைட்லர் நிறுவனம் அலுமினிய உருளைகளை இப்படிப் பல விட்டங்களில் செய்கிறது. இத்தாலியின் எலீட் நிறுவனத்தின் அரியோன், நெதர்லாந்தின் டாக்ஸ் நிறுவனத்தின் அன்டாரஸ் இரண்டும் பிளாஸ்டிக் உருளைகள்; நடு ஒடுங்கி ஓரம் பருத்த வடிவம், சில்லு ஓரத்துக்குப் போனால் நடுவுக்குத் திருப்பிவிடும். பழகுகிறவருக்கு அது உதவி. ஆனால் நேராக ஓடப் பழகுவதற்காகவே ரோலர் வாங்குகிறவருக்கு ஓரம் திருப்பிவிடுகிற வேலையை உருளை செய்யக்கூடாது என்பது என் எண்ணம். இன்சைட் ரைட் நிறுவனம் செய்யும் இ-மோஷன் ரோலரில் உருளைச் சட்டம் முழுவதும் முன்னும் பின்னும் மிதந்து அசையும்; எழுந்து நின்றும் மிதிக்கலாம். அருமையான பொறி. பாரம், விலை, அதற்கு வேண்டிய இடம் மூன்றும் ஒரு வெள்ளவத்தைத் தொடர்மாடிக்குப் பெரிது.

இவளுக்கு நான் சொன்னது: பெரிய விட்டம், அலுமினியம், தடை கூட்டும் எந்த உபகரணமும் வேண்டாம். தடை வேண்டுமென்றால் பிறகு கியரை மாற்றி வேகமாக மிதிக்கலாம், அல்லது ரயர்க் காற்றைக் கொஞ்சம் குறைக்கலாம். குறைந்த தடையைக் கூட்டலாம். சிறிய உருளையின் தடையைப் பெரிதாகக் குறைக்க வழி இல்லை.

இன்னொரு யோசனையும் வந்தது. 110 மில்லிமீற்றர் பிவிசி குழாய் இங்கே எந்த ஹாட்வெயார் கடையிலும் கிடைக்கும். அந்த விட்டம் 4.5 அங்குலத்துக்கு மிகக் கிட்ட. லேத் பட்டறையில் இரண்டு முனைக்கும் மூடி கடைந்து, பெயாரிங் வைத்து, ஒரு சட்டம் ஒட்டினால் ரோலர் தயார். நல்ல யோசனைதான், செய்து ஓடுகிறவர்களும் உண்டு. ஆனால் வேலையின் ஒழுங்கு மாறக்கூடாது. மூடியையும் பெயாரிங்கையும் முதலில் பொருத்தி, அச்சைப் பிடித்தபடி உருளையைச் சுற்றவிட்டு, கடைசியில்தான் வெளிப்பரப்பைக் கடையவேண்டும். குழாய் கடையில் வரும்போதே சரியான வட்டமாக இருக்காது. மூடியை மட்டும் துல்லியமாகக் கடைந்து வட்டமில்லாத குழாய்க்குள் அடித்தால், பழைய நடுக்கத்தைப் புதுக் காசு கொடுத்து வாங்கியதாகிவிடும். தடிப்பான சுவர் உள்ள அழுத்தக் குழாயாக இருந்தால்தான் கடைவதற்கு இடம் இருக்கும்.

அந்த வேலைக்குப் போகவேண்டி வரவில்லை. வெளிநாடு போகும் ஒருவர் தன் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். அதில் 114 மில்லிமீற்றர் அலுமினிய ரோலர் ஒன்று இருந்தது. பெயாரிங் கரகரத்தது, அதனால் விலையும் இறங்கியது. தாளை வைத்துச் சுற்றிப் பார்த்ததில் மூன்று உருளையும் நேர். அலுமினிய உருளை வளையாமல் இருந்தால் பெயாரிங் கரகரப்பதற்குப் பயப்பட வேண்டியதில்லை. உருளைக்கு இரண்டு வீதம் ஆறு பெயாரிங். அதன் பக்கவாட்டிலேயே எண் பொறித்திருக்கும். பழையதைக் கையில் கொண்டு பஞ்சிகாவத்தைக்குப் போனால் மோட்டார் உதிரிப்பாகக் கடைகளில் அதே அளவு கிடைக்கும். எண்ணுக்குப் பிறகு இசட் இசட் என்று இருந்தால் இரும்பு மூடி, 2ஆர்எஸ் என்று இருந்தால் ரப்பர் மூடி. ரப்பர் மூடி சற்றே இறுக்கமாகச் சுற்றும், ஆனால் வியர்வையையும் கடல் காற்றையும் உள்ளே விடாது. மரைன் டிரைவிலிருந்து கல்லெறி தூரத்தில் இருக்கும் வீட்டுக்கு வேறு தெரிவு இல்லை.

பெல்ட்டையும் மாற்றினோம். பழையதை விரலால் வளைத்தபோது வெடிப்புகள் வாயைத் திறந்தன. ஓடாத நாட்களில் பெல்ட்டைக் கழற்றித் தளர்வாக, வெயில் படாமல் வைப்பது நல்லது.

இடமும் காற்றும்

அவள் முதலில் ரோலரை ஹோலின் நடுவே வைத்திருந்தாள். கொங்கிரீட் தட்டு மிகக் கூடுதலாக அதிர்வது நடுவில். சுவரும் தூணும் தாங்கும் ஓரத்தில் அதிர்வு மிகக் குறைவு. படுக்கையறைக்குப் போகும் சிறு நடைபாதைக்கு மாற்றினோம். இரண்டு பக்கமும் சுவர், கை நீட்டினால் தொடலாம்; பழகுகிறவருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. சட்டத்தின் கால்களுக்குக் கீழே தடித்த மென்ரப்பர் துண்டுகளை வைத்தோம். கம்பளம் விரிப்பது இந்த வகை முழக்கத்துக்கு உதவாது, வழவழப்பான டைல்ஸில் சட்டம் நழுவாமல் வேண்டுமானால் இருக்கும். பிறகு அவளே கீழே போய் அன்ரியிடம் சொல்லிவிட்டு வந்தாள்: ஏழரைக்கு முன் முடித்துவிடுவேன், சத்தம் வந்தால் உடனே சொல்லுங்கள் என்று. அன்ரி அதற்குப் பிறகு ஏறி வரவில்லை.

காற்றுக்கு ஒரு பெரிய ஸ்டாண்ட் ஃபான். நெஞ்சு உயரத்தில், நேர் முன்னால், ஹாண்டிலிலிருந்து ஒரு மீற்றருக்குள். சீலிங் ஃபான் போதும் என்று நினைக்கவேண்டாம். அதன் காற்று குனிந்த முதுகில் மட்டும் படும். இரண்டு பக்க ஜன்னலையும் திறந்து வைக்கவேண்டும், இல்லையென்றால் ஃபான் அதே ஈரத்தைத்தான் சுற்றி அனுப்பும்.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. மின்னில் இயங்கும் ஸ்மார்ட் ட்ரெயினர் அப்போது மூலையில் கிடக்கும். ரோலருக்கு மின்சாரமே தேவையில்லை. ஆனால் ஃபான் நின்றால் ரோலரையும் நிறுத்தவேண்டும். இதை நான் அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். தலைச்சுற்று, குளிர் நடுக்கம், வியர்வை திடீரென நின்றுபோவது, இவற்றில் ஒன்று வந்தாலும் இறங்கிவிடவேண்டும்.

ஏறிப் பழகியது

பழக்கும் விஷயத்தில் நான் அவசரப்படுத்துவதில்லை. சுவரோரம் ஒரு குட்டிக் கதிரை. அதில் ஏறி, ஒரு கையைச் சுவரில் வைத்து, இருக்கையில் அமர்ந்து, நடுத்தரக் கியரில் மிதிக்கத் தொடங்கவேண்டும். சப்பாத்தைப் பூட்டிவைக்கும் கிளிப் பெடல் வேண்டாம், சாதாரண சப்பாத்தும் தட்டையான பெடலும் போதும். வேகம் கூடக் கூடச் சைக்கிள் அமைதியாகும். பயந்தவர் மெதுவாக மிதிப்பார், மெதுவாக மிதித்தால் கூட அலையும். இந்த வட்டத்தை உடைக்கத்தான் சுவர். கை சுவரில் இருக்கும்போதே நிமிடத்துக்கு 80, 90 மிதிக்கு வந்துவிடவேண்டும். அதன் பிறகு உள்ளங்கையை எடுத்து விரல் நுனியை மட்டும் வைக்கலாம், பிறகு ஒரு விரல், பிறகு அதுவும் இல்லை.

பார்வை எங்கே என்பது பெரிய விஷயம். முன்சில்லைப் பார்த்தால் ஒவ்வொரு அசைவையும் திருத்தப்போய் இரட்டிப்பாக அசைப்போம். அவளுக்கு நடைபாதைக் கோடியில் சுவரில் தொங்கும் கலண்டரைக் காட்டினேன். தோளைத் தளர்த்தி, முழங்கையை மடித்து, ஹாண்டிலை முட்டையைப் பிடிப்பதுபோல் பிடிக்கச் சொன்னேன்.

விழுந்தால் முன்னே பாய்ந்து சுவரில் மோதுவோம் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. சில்லு சுற்றுகிறதே தவிர, ஓடுகிறவரும் சைக்கிளும் நின்ற இடத்திலேயே இருக்கிறார்கள். உருளையை விட்டு இறங்கினால் சில்லில் இருக்கும் கொஞ்ச வேகம் தரையில் தேய்ந்து நின்றுவிடும்; சைக்கிள் ஓரடி நகர்ந்தால் பெரிது. பக்கவாட்டில் விழுவதுதான் உண்மையான ஆபத்து, அதற்குத்தான் இரண்டு பக்கமும் சுவர். இதை அவளுக்கு வாயால் சொல்லிப் பயனில்லை. என் சைக்கிளை ஏற்றி ஓடி, வேண்டுமென்றே ஓரத்தால் இறங்கிக் காட்டினேன். அதன் பிறகு கையைச் சுவரிலிருந்து எடுக்கத் தயங்கவில்லை.

நிறுத்தும்போது முன் பிரேக்கைத் தொடவேண்டாம். மிதிப்பதை விட்டு, சுவரில் கை வைத்து, வேகம் தானாகக் குறைந்தபின் ஒரு காலைக் கதிரையில் ஊன்ற வேண்டும்.

நேராக ஓடுவதை அளக்க ஒரு வழி வைத்தோம். முன் உருளையைச் சுற்றவிட்டு, நடுவிலிருந்து இரு பக்கமும் சம தூரத்தில், பத்து சென்டிமீற்றர் இடைவெளியில் மார்க்கரால் இரண்டு வளையம் போட்டேன். அவளுடைய தம்பி பக்கத்தில் நின்று ரயர் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் “அக்கா, வெளியில!” என்று கத்துவான். தாண்டாமல் ஓட வந்ததும் ஆறு சென்டிமீற்றராக்கினோம். பிறகு மூன்று. மூன்று சென்டிமீற்றருக்குள் ஓடும் ஒருவரின் தோளைப் பாருங்கள், அது அசையாது. மிதி வட்டமாக வந்தால்தான் அப்படி ஓட முடியும். மேலிருந்து கீழே குத்தி மிதிப்பவரின் சைக்கிள் உருளையில் துள்ளும். அந்தத் துள்ளலைக் காதாலேயே கேட்கலாம், உருளைச் சத்தம் விட்டுவிட்டு ஏறி இறங்கும். சீரான ஒரே சத்தம் வரும்வரை மிதிக்கச் சொல்வதே நல்ல பாடம்.

இப்போது அவள் கிழமைக்கு இரண்டு மாலை ஓடுகிறாள், ஒரு தடவைக்கு அரைமணி நேரத்துக்கு உள்ளேதான். முதலில் இலேசாகச் சூடேற்றிக்கொண்டு, 85 மிதியில் தொடங்கி ஒவ்வொரு நிமிடமும் கொஞ்சம் கூட்டி 110 வரை போய், இருக்கையில் துள்ளத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி இறங்குவாள். நடுவில் ஒரு கையால் போத்தலை எடுத்துக் குடித்துவிட்டுத் திருப்பி வைக்கவேண்டும், அதுவும் பயிற்சியின் பகுதி. முடிந்ததும் ஒரு செவ்விளநீர். வியர்வை கூடிய நாளில் அதோடு உப்பும் ஏதாவது சேரவேண்டும். செவ்விளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. துவாய் ஒன்று எப்போதும் சைக்கிளின் மேற்குழாயில் விரித்திருக்கும். ஓடி முடித்ததும் ஹாண்டில், ஹெட்செட் (ஹாண்டில் திரும்பும் பெயாரிங் பகுதி), போல்ட் தலைகள் எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்துப் பிறகு காயவைக்கிறாள். வியர்வை உப்பு ஹாண்டில் டேப்புக்குள் இறங்கி அலுமினியத்தை அரிப்பது வெளியே தெரியாது. ஆண்டுக்கு ஒருமுறையாவது டேப்பை உரித்துப் பார்க்கவேண்டும்.

குழுவில் அவளுடைய ஓட்டம் மாறியதைப் பின்னால் வருகிறவர்கள்தான் முதலில் சொன்னார்கள். நீர்கொழும்பு வீதியில் இப்போது அவளுடைய பின்சில்லை ஒட்டி ஓடுகிறார்கள், அவளும் முன்னே போகிறவரை ஒட்டி ஓடுகிறாள். இதயத்துடிப்பும் ரோலரில் அதே வேகத்துக்கு முன்போல் தாறுமாறாக ஏறுவதில்லை. அதில் உடம்பு பழகியதன் பங்கு எவ்வளவு, ஃபானின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஃபானுக்குத்தான் நான் கூடுதலாகக் கொடுப்பேன்.

இந்த ரோலர் செய்யாத வேலையும் ஒன்று இருக்கிறது. அடுத்த ஆண்டு குழுவோடு கண்டிக்கு ஓடவேண்டும் என்கிறாள். அந்த வழியில் கடுகண்ணாவை ஏற்றம் இருக்கிறது. குறைந்த மிதியில், கனமான பாரத்தோடு, நீண்ட நேரம் தள்ளவேண்டிய ஏற்றம். 114 மில்லிமீற்றர் உருளையில் எந்தக் கியரைப் போட்டாலும் அந்தப் பாரம் வராது. ரயர்க் காற்றைக் குறைத்தும் பார்த்தோம். ரயர் சூடாவதுதான் மிச்சம். கொழும்புக்குள் நீண்ட ஏற்றமும் கிடையாது. ஆகவே அதற்காகத் தடை உள்ள ட்ரெயினர் ஒன்றைச் சில மாதத்துக்கு இரவல் கேட்டிருக்கிறாள். அதையும் அதே நடைபாதையில், அதே ஃபானுக்கு முன்னால்தான் வைக்கப்போகிறோம். பாரம் கூடும்போது சூடும் கூடும் என்பதால் இரண்டாவது ஃபான் ஒன்றும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.